பதினோராம் நம்பர் போத்தல்

தினேஷ்,

நீ கேட்ட இரண்டு போத்தல் எண்ணெயும் வராது. கொழும்பு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவேன் என்று காத்திருக்காதே. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம்தான் வருகிறது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி வினோ எழுதுகிறாள். நான் பேசுவது ஒரு மாதிரி, அவள் எழுதுவது ஒரு மாதிரி. "கடிதம்னா கடிதம் மாதிரி இருக்கணும்மா, நீங்க பேசுறத அப்படியே எழுதுனா அண்ணன் சிரிக்கும்" என்கிறாள். ஏ.எல். வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விஞ்ஞானம் வருகிற இடங்களில் அவளுடைய பாடக் கொப்பியைப் பார்த்து அவளே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சொல்லப் போகும் ஒரு விஷயம் மட்டும் அவளுக்கும் இன்னும் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்றுதான் அவளை உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது. "வயித்துல குழாய் விட்டுப் பாத்தாங்கம்மா. அப்பாவுக்கு இருந்த அதே கிருமிதானாம். பதினாலு நாளைக்கு மாத்திர குடுத்திருக்காங்க. நான் இன்னும் ஆரம்பிக்கல. அப்பாவும் அதத்தானே முழுசா குடிச்சாரு, என்ன ஆச்சு? கொழுப்பமிலம் அந்தக் கிருமிய கொல்லுதுன்னு இப்ப ஆராய்ச்சியே வருது, நான் வாசிச்சேன். நம்ம பதினோராம் நம்பர்ல இருக்கிறதும் அதானே? ரெண்டு போத்தல் அனுப்புங்க." நான் "சரிப்பா" என்றேன். அதற்கப்புறம் மூன்று நாள் உனக்குப் போன் எடுத்தேன், நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கட்டாருக்கு வேலைக்குப் போக உனக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மாத்திரைக்கு இரண்டு வாரம் வேண்டும். இனியும் நான் தள்ளிப்போட்டால் தள்ளிப்போடுவதற்கு நாளே இருக்காது.

உன் அப்பா பலாபத்வல ஸ்பைஸ் கார்டனில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கைடாக நின்று பேசியதை நீ சின்ன வயதில் பார்த்து ரசித்திருக்கிறாய். அதே தோட்டத்தின் பின்பக்கக் கொட்டகையில் போத்தல் கழுவி, எண்ணெய் ஊற்றி, லேபல் ஒட்டும் வேலை எனக்கு. மூட்டுவலிக்கு நான்காம் நம்பர், தலைமுடிக்கு ஏழாம் நம்பர், வயிற்றுக்குப் பதினோராம் நம்பர். பதினோராம் நம்பரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? சூடாக்காமல் எடுத்த தேங்காயெண்ணெய், கொஞ்சம் இஞ்சி, இரண்டு ஏலக்காய். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் போத்தல் நிரப்பியிருப்பேன். ஆனாலும் நாள் முழுக்க கொட்டகைக்கு வெளியே உன் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "மேடம், நம்பர் லெவன், வெரி குட் ஃபார் ஸ்டமக்" என்று அவர் சொல்லும்போது எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த ராகம் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டால், நிரப்புகிறவளே நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

அந்தத் தோட்டத்துக் கைடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர்கள் சொல்வதில் முன்பாதியை மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பார்கள், பின்பாதியை விழுங்கிவிடுவார்கள். ஒரு ஜெர்மன்காரி "இந்த எண்ணெய் பூசினேன், வலி குறைந்தது, ஆனால் தோல் தடித்துவிட்டது" என்றால், பக்கத்தில் நிற்கும் கொழும்புக்காரர்களுக்கு வலி குறைந்தது மட்டும் போய்ச் சேரும். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. வேலை அப்படி. உன் அப்பா அதில் கெட்டிக்காரர். மூன்று மொழியிலும் பின்பாதியை விழுங்கத் தெரிந்தவர்.

பத்து வருடத்துக்கு முன்பு ஒருநாள், வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். கிருமிகளைப் பற்றிப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பதினோராம் நம்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உன் அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். நான் பக்கத்தில் போத்தல் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா எங்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோங்க, ஐயா பெரிய படிச்சவரு. நம்ம தேங்காயெண்ணெய்ல இருக்கிற அமிலம், வயித்துல புண்ணு போடுற கிருமிய கொல்லுதாம். இவங்க ஊருல சோதிச்சே பாத்திருக்காங்களாம்" என்றார். கொட்டகையில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அந்தப் பெரியவர் பேசி முடிக்கவில்லை. விரலை நீட்டி இன்னும் என்னவோ சொன்னார். உன் அப்பா "யெஸ், யெஸ்" என்று தலையை ஆட்டியபடியே அவரைக் கடைப் பக்கம் கூட்டிப் போய்விட்டார்.

வேலை முடிந்து நடந்து வரும்போது கேட்டேன். "அவரு வெரல நீட்டி என்னமோ சொன்னாரே, அது என்னங்க?"

"அது நமக்கு வேணாம் புள்ள."

"சொல்லுங்களேன்."

"கண்ணாடிக் குழாய்க்குள்ளதான் அது சாகுதாம். மனுச வயித்துக்குள்ள சாகுமான்னு இன்னும் யாருக்கும் தெரியாதாம். இத லேபல்லயா ஒட்டுவ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இதை நீ கவனித்துக்கொள், தினேஷ். பின்பாதியையும் நான் கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் நான் சொல்ல முடியாது.

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, உன் அப்பாவின் நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று வலிக்கும் மாத்தளை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நீ அப்போது ஓ.எல். பரீட்சை எழுத டவுனில் மாமா வீட்டில் தங்கியிருந்தாய். வினோவுக்கு எட்டு வயது. கிருமி இருக்கிறது என்று பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். கிருமியைக் கொல்லும் என்டிபயோடிக் இரண்டு வகை, வயிற்றுப் புளிப்பைக் குறைக்கும் கப்சூல் ஒரு வகை. முதல் இரண்டு நாள் ஒழுங்காகக் குடித்தார். மூன்றாம் நாள் வாயெல்லாம் கசப்பு. நான்காம் நாள் சாப்பாட்டை ஒதுக்கினார். ஐந்தாம் நாள் ஒரு கூட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல ஏலக்காயைக் கடித்துக் காட்டப் போனவர், மிளகுக் கொடிக்குப் பின்னால் ஓடிப் போய் வாந்தி எடுத்தார். வந்தவர்களில் ஒரு பையன் போன் பிடித்துப் படம் எடுத்தானாம். வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாக்கு செத்துப் போச்சு புள்ள. ஏலக்காய கடிச்சா ஆணிய கடிச்ச மாதிரி இருக்கு. நாக்கு இல்லாம நான் என்ன கைடு?" என்றார். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

என்டிபயோடிக் அட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்குள் வைத்தது நான்தான். "நிப்பாட்டுங்க. பதினோராம் நம்பர் குடிங்க, காலைல ஒரு கரண்டி, அந்திக்கு ஒரு கரண்டி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏய், ஊருக்கு நான் சொல்ற பொய்ய நீயே நம்புறியா?" என்றார். "அந்தப் பெரியவர் சொன்னது பொய்யா?" என்றேன். "அவரு சொன்னதுல பாதிதானே அது" என்றார். "பாதி போதும்" என்றேன்.

கப்சூலை மட்டும் தொடர்ந்து கொடுத்தேன், அது வாயைக் கசக்க வைக்கவில்லை. ஒரு வாரத்தில் வலி குறைந்தது. நாக்கு திரும்பி வந்தது. உன் அப்பா பழையபடி பேசினார், பாடினார், கொட்டகையில் என்னைக் காட்டி "நம்ம வீட்டு டொக்டர்" என்றார். நான் எண்ணெயைக் கும்பிடாத குறை. வலி குறைந்தது கப்சூலால், கிருமி உள்ளேயே இருந்தது என்பதை இப்போது வினோவின் பாடப் புத்தகம்தான் எனக்குச் சொல்லித் தருகிறது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. மாதம் முடிய கிளினிக் போனோம். டொக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், வரிசையில் நூறு பேர். மருந்து எல்லாவற்றையும் குடித்து முடித்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். மூன்று மொழி பேசுகிற உன் அப்பா வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான், "ஒவ் டொக்டர், ஒக்கொம" என்றேன். ஆமாம் டொக்டர், எல்லாவற்றையும். ஏச்சுக்குப் பயந்து சொன்னேன். எண்ணெய் கொடுத்தேன் என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொம்பளை என்று சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டுச் சொன்னேன். அவர் நம்பி, மருந்து முழுவதும் குடித்தார் என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதினார். கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி வரச்சொல்லித் திகதி போட்டுத் தந்தார். அந்தத் திகதிக்கு நான் அவரைப் போக விடவில்லை. "நல்லாத்தானே இருக்கீங்க" என்றேன். சோதித்தால் என் பொய் தெரிந்துவிடும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

அப்பாவுக்குக் காரியம் பண்ணிய பிறகு நீ அந்தக் கொப்பியைப் புரட்டினாய். "எல்லாம் ஒழுங்கா செஞ்சும் இப்படி ஆயிருச்சேம்மா" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். நீ வாசித்தது என் பொய்யை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்றைக்கு உன் மாத்திரையைத் தொடாமல் இருக்கிறாய். மாத்திரை உன் அப்பாவைக் கைவிடவில்லை, தினேஷ். அது ஐந்து நாள்தான் அவருக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் வினோ பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். பைப்படியில் வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, தாளைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைசில, வார்டுல பெரிய டொக்டர் கேட்டப்பவாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அதையும் எழுதவா?"

"எழுது."

எழுதிவிட்டாள். கையெழுத்து இங்கிருந்து கொஞ்சம் மாறியிருக்கும், கவனித்திருப்பாய்.

மூன்று வருடத்துக்கு முன்பு புற்றுநோய் என்று தெரிந்தபோது அது வயிற்றைத் தாண்டியிருந்தது. அந்தக் கிருமி பல வருடம் தங்கினால் சிலருக்கு இப்படி ஆகலாம், எல்லோருக்கும் ஆகாது என்றார் பெரிய டொக்டர். மாத்திரையை முழுதாகக் குடித்திருந்தால் உன் அப்பா இன்று இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். நான் தினமும் இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன், எதிலும் நிற்க முடியவில்லை. வார்டில் ஒரு மத்தியானம், நீ கஞ்சி வாங்க வெளியே போயிருந்தாய். உன் அப்பா என் கையைப் பிடித்து, "புள்ளைங்களுக்குச் சொல்லாத. ஒம்மேல கோவம் வந்திரும். நானும்தானே குடிச்சேன், ஊட்டியா விட்ட?" என்றார். அந்த நேரத்திலும் அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டார் என்ற சாக்கில் நான் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. இன்றைக்கு அவர் சொல்லை மீறுகிறேன். அவர் இருந்திருந்தால் உன் வயிற்றிலும் அந்தக் கிருமி என்றதும் அவரே சொல்லியிருப்பார்.

நீ வாசித்த ஆராய்ச்சி பொய் இல்லை என்று வினோ சொல்கிறாள். அவளுடைய மிஸ்ஸிடமும் கேட்டுவிட்டு வந்தாள். வினோ சொன்னது இது: அந்தப் பற்றீரியாவைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு மென்சவ்வு இருக்கிறது. கொழுப்பமிலம் அதே இனம் என்பதால் அதற்குள் நுழைந்து அதைக் கிழித்துவிடுகிறது. தேங்காயில் இருக்கிற லோரிக் அமிலம் செய்யும், வேறு எண்ணெய்களில் இருக்கிற சில அமிலங்களும் செய்யும். சோதனைக்குழாயில் கிருமிக்கு ஒளிய இடமில்லை. வயிற்றிலோ அது வழுவழுப்பான சீதப் படலத்துக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. மழை நாளில் காலுறைக்குள்ளே புகுந்து இரத்தம் குடிக்கிற அட்டையைப் போல என்று நான் புரிந்துகொண்டேன். காலுறைக்கு மேலே உப்பைத் தூவினால் அதற்கு என்ன? அதோடு, நாம் குடிக்கிற எண்ணெய் கொழுப்பமிலமாகப் பிரிந்தே இருப்பதில்லை. மூன்று மூன்றாகக் கட்டுப்பட்டு இருக்கிறது, அந்தக் கட்டு பெரும்பாலும் வயிற்றைத் தாண்டிக் குடலில்தான் அவிழ்கிறது. கரண்டி கரண்டியாக நான் ஊற்றியது அந்தக் கிருமியின் தலைக்கு மேலேயே போயிருக்கிறது.

கிருமி இருக்கும் இடத்துக்கே கொழுப்பமிலத்தைக் கொண்டு போய்ச் சேர்க்க, கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழிகளில் அடைத்துப் பார்க்கிறார்களாம், எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். ஒருநாள் அது மனிதருக்கும் மருந்தாக வரலாம். வரட்டும். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் விடாமல் தேட வேண்டும். ஏன் தேடுகிறார்கள் தெரியுமா? மாத்திரைகளுக்குக் கிருமி பழகிக்கொண்டு வருகிறதாம், முன்பு செத்தது இப்போது சாவதில்லையாம். ஐந்து நாள் குடித்துவிட்டு நிறுத்தினால் பலமில்லாதது சாகும், பலமானது பிழைத்துப் பழகிக்கொள்ளும் என்று வினோ எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, இப்போது புது மருந்து தேட வேண்டி வந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இதை நீ ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், இந்தக் கிருமி வீட்டுக்குள்தான் கைமாறுகிறதாம், வாயிலிருந்து வாய்க்கு. உன் அப்பா தன் சோற்றுக் கோப்பையிலிருந்துதான் உனக்கு ஊட்டுவார். சூடு பார்க்கிறேன் என்று தான் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை உனக்குத் தருவார். உனக்குச் சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும், நான் மாத்திரையை நிறுத்தியது அதற்கெல்லாம் பிறகு என்று வினோ சொல்கிறாள். அப்படித்தான் இருக்கட்டும். ஆனாலும் பழகிப்போன கிருமி பிறகு உன்னிடம் வந்திருக்க வழியே இல்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அதனால் நாளைக்கே உன் டொக்டரிடம் போய், அப்பா பாதியில் நிறுத்தினார் என்று சொல்லு. எந்த மாத்திரை என்று கேட்டால் காட்ட, கொப்பியில் அந்தப் பக்கத்தை வினோ போனில் படம் எடுத்து அனுப்புவாள். வேறு மாத்திரை கொடுப்பதா, இதையே கொடுப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார். நிறுத்தியது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லு. செவ்வாய்க்கிழமை நானும் வினோவும் கிளினிக் போகிறோம், எங்கள் வயிற்றையும் பார்க்க. அங்கே நானே சொல்கிறேன்.

வாய் கசக்கும், சாமி. ஐந்தாம் நாள் மோசமாக இருக்கும், என் கண்ணால் கண்டது. சாப்பாட்டை டொக்டர் சொல்கிற மாதிரி சாப்பிடு, வாந்தி வந்தால் அவருக்குச் சொல்லு, நீயாக நிறுத்தாதே. நீ சமைக்கிற ஹோட்டல் அடுப்படியில் ருசி பார்க்க முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லு. இரண்டு வாரம் உன் நாக்கு இல்லாமல் அந்த ஹோட்டல் நடக்கும். உன் அப்பாவின் நாக்கு இல்லாமல் அந்தத் தோட்டமும் நடந்திருக்கும். அதைத்தான் அன்றைக்கு நான் அந்தப் படியில் உட்கார்ந்து அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டு இன்னும் ஒன்பது நாள்தான் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நான் சொன்ன எதைத்தான் அவர் கேட்காமல் இருந்தார்?

உனக்கு என்மேல் கோபம் வரும். எவ்வளவு நாள் இருக்கும் என்று நான் கேட்க மாட்டேன். பயணத்துக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அதையும் உன் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். எனக்குப் போன் எடுக்க மனம் வராவிட்டால் எடுக்க வேண்டாம். காலையில் ஒருதரம், அந்தியில் ஒருதரம், "குடிச்சிட்டேன்" என்று வினோவுக்கு மட்டும் ஒரு சொல் அனுப்பு. பதினான்கு நாளும் அனுப்பு. அவளும் இனி என்னோடு எப்படிப் பேசுவாள் என்று தெரியவில்லை, இப்போதே தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறாள். பரவாயில்லை. அவள் எனக்குச் சொல்லாவிட்டாலும், போனைப் பார்க்கிற நேரம் அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

அம்மா